மாட்டுக்குக் கிழமை தெரியாது

அத்தியாயம் 4

பன்னிரண்டு மாடுகள். மூன்றின் பாலில் மட்டும் பூச்சிமருந்து.

அந்த மூன்று பிரெட்ரிக்கை உட்கார விடவில்லை. பன்னிரண்டும் என்றால் தீவனத்தைச் சந்தேகிக்கலாம். ஒன்று என்றால் தற்செயல். மூன்றுக்கு ஒரு காரணம் இருக்கும். கூலாயிலிருந்து ரெங்கம் வரை கார்க் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே வந்தார்.

"பாஸ், அந்தப் பட்டன் போச்சுன்னா மாத்த ஜேபி டவுனுக்குத்தான் போகணும்," என்றாள் லோஷினி. "ஜாம்ல மூணு மணி நேரம். யோசிச்சு அமுக்குங்க."

பிரெட்ரிக் பதினோரு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். இப்போது கூலாயில் டயர் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். லோஷினி அவருக்கு உதவியாளர், ஓட்டுநர். மூன்றாவது வேலையாகப் பேச்சு. அதற்கு அவர் சம்பளம் கொடுப்பதில்லை, அவளும் நிறுத்துவதில்லை.

"அந்த டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லு," என்றார்.

"டாக்டர் பிரவீனா, கால்நடை இலாகா. மருந்தோட பேரு டீல்டிரின். இருபது வருஷத்துக்கு மேலயே தடை, எந்தக் கடையிலயும் கிடைக்காது. மாடு தின்னா கொழுப்புல போய் உக்காந்துக்கும். அப்புறம் பால்ல இருக்கிற கொழுப்போட மாசக்கணக்கா வந்துக்கிட்டே இருக்கும். இன்னைக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு லாரியோட வராங்க. மருந்து எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா மூணு மாட்டை மட்டும் ஒதுக்குவாங்க. தெரியலைன்னா பன்னெண்டும் லாரி ஏறும், வெட்டுறதுக்கு." மூச்சு வாங்கினாள். "பாஸ், இதையே நாலாவது தடவையா சொல்றேன். பள்ளிக்கூடத்துல இப்படிப் படிச்சிருந்தா நானே டாக்டர் ஆகியிருப்பேன்."

மணி பதினொன்று. இன்னும் ஐந்து மணி நேரம்.

அவர்களை வரவழைத்த அங்கம்மாவின் மாட்டுக் கொட்டகை ரெங்கம் சாலையிலிருந்து உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே தகரக் கூரையோடு இருந்தது. அதை ஒட்டியே வீடு. அங்கம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

"அவனப் புடிச்சுக் குடுங்க தம்பி. போதும்."

"யாரை அக்கா?"

"பக்கத்துச் செம்பனைக் காட்டுக்காரன், ராஜசேகரன். வேற எவன்? 'உன் மாட்டுக்கு மருந்து வைக்கிறேன் பாரு'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னான். வச்சுட்டான்."

பிரெட்ரிக் கொட்டகைக்குள் நடந்தார். ஈக்கள் அவரோடு நடந்தன. எல்லாத் தொட்டியிலும் ஒரே செம்பனைப் புண்ணாக்கு. ஒரே குழாய்த் தண்ணீர். ஒரே புல். ஒன்பது மாடுகள் கயிற்றில் நின்றன. கோடியில் மூன்று தனியாகக் கட்டப்பட்டிருந்தன. மயிலி, செங்கா, ராணி. மூன்றின் கழுத்திலும் இலாகாவின் மஞ்சள் அட்டை.

"இந்த மூணும் என்ன செய்யும், மத்த ஒன்பதும் செய்யாதது?"

"அதுங்க மூணும் திருட்டுக் கழுதைங்க தம்பி. முளைக்குச்சியப் புடுங்கிட்டு ஓடும். மத்ததுங்க கட்டின எடத்துல நிக்கும்."

"எங்க ஓடும்?"

"அவன் காட்டுக்குத்தான்."

தூணில் ஒரு கயிறு வெறுமையாகத் தொங்கியது. நுனியில் முடிச்சு மட்டும். பிரெட்ரிக் அதைச் சுண்டிவிட்டார்.

"இது?"

"உப்புக் கட்டி தொங்கவிடுறது. மாடு நக்குறதுக்கு. கடைக்காரன் கொண்டுவர்றத நிறுத்திட்டான், ஒரு வருஷமா இல்ல. வாங்க, டீ ஆறிடும்."

அடுப்படியில் லோஷினி ஏற்கெனவே முதல் டம்ளரை முடித்திருந்தாள். பிரெட்ரிக் கோப்பி ஓ கேட்டார்.

"மாட்டுக்காரி வீட்டுல வந்து பால் இல்லாத கோப்பியா?"

"பால் வயித்துக்கு ஒத்துக்காது அக்கா."

"அவர் பங்கையும் எனக்கே ஊத்துங்க ஆன்ட்டி," என்றாள் லோஷினி. "இப்படி டீ கூலாய்ல எங்க கிடைக்குது? எல்லாம் டின் பால்."

சுவர் ஆணியில் மாட்டியிருந்த தன் கைப்பையை எடுக்கப் போனவள் சட்டென்று கையை உதறினாள். "அலமாக்! என் பை ஏன் ஈரமா இருக்கு?"

அதே ஆணியில் ஒரு பழைய துணிப்பை தொங்கியது. அதுதான் ஈரம். அதன் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"ரெண்டு வாரமா ஒரு சொட்டு மழை இல்ல. இது மட்டும் எங்க ஆன்ட்டி போய் நனைஞ்சுது?"

அங்கம்மா துணிப்பையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிரெட்ரிக் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாகப் போகிறது. ஈரப்பையைப் பற்றி யோசிக்க நேரமில்லை என்று நினைத்தார். அது அன்றைக்கு அவர் செய்த முதல் தவறு.

ராஜசேகரன் தன் வீட்டு வாசலில், நீளக் கம்பில் மாட்டிய குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும்.

"நேத்து இலாகா வந்துச்சு. இன்னைக்கு நீங்க. நாளைக்கு யாரு, தீயணைப்பா?"

"மருந்து வைப்பேன்னு சொன்னீங்களா?" என்றார் பிரெட்ரிக்.

"சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு அந்தம்மா சொல்லிச்சா? என் மோட்டார் சைக்கிள் சீட்டு முழுக்கச் சாணி. நான் பாக்காம உக்காந்துட்டேன். வேலைக்குப் போற வழி பூரா எவனும் பக்கத்துல வரல."

"சாட்சி இருக்கா?" என்றாள் லோஷினி.

"கால்சட்டை இருக்கு. வேணுமா?"

அவனுடைய மருந்து அறையைத் திறந்து காட்டினான். களைக்கொல்லிக் கேன் இரண்டு, எலி மருந்து ஒரு டப்பா. எல்லாம் போன வருடம் கடையில் வாங்கியவை. இந்த நிலத்தை அவன் வாங்கியே ஐந்து வருடம்தான் ஆகிறது. இருபது வருடத்துக்கு முன்னால் மறைந்துபோன மருந்து இவனிடம் எப்படி வரும்? பிரெட்ரிக் தன் நெற்றியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மாடு உங்க காட்டுக்குள்ள வருதா?"

"வருதாவா? இந்தாங்க." ராஜசேகரன் கைப்பேசியை நீட்டினான். "நகராண்மைக் கழகத்துல புகார் குடுக்கறதுக்குச் சேத்து வச்சிருக்கேன். தேதி, மணி எல்லாம் இருக்கு. இருபத்து மூணு படம்."

"அண்ணே, கல்யாண ஆல்பத்துலகூட ஒரே ஆளை இத்தனை தடவை எடுக்க மாட்டாங்க," என்றாள் லோஷினி.

பிரெட்ரிக் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். மயிலி முன்னால், செங்காவும் ராணியும் பின்னால். காலை வெயில். ஒரு படத்திலும் மாட்டின் வாயில் செம்பனை ஓலை இல்லை. தலை நிமிரவில்லை. மூக்கு தரையில், மூன்றும் கிழக்குப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன. அந்தக் காடு அவற்றுக்குக் கடந்து போகும் வழி மட்டும்தான்.

அவர் தேதிகளைப் பார்த்தார். பிறகு லோஷினியின் கைப்பேசியைப் பிடுங்கி நாள்காட்டியைத் திறந்தார்.

"நீங்க சனிக்கிழமை மட்டும்தான் படம் எடுப்பீங்களா?"

"தினமும் காலையில ஏழு மணிக்கு ஒரு சுத்து வருவேன். மாடு வந்தா எடுப்பேன்."

"இருபத்து மூணும் சனிக்கிழமை."

ராஜசேகரன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். அவனே கவனித்திருக்கவில்லை.

"மாட்டுக்குக் கிழமை தெரியாது," என்றார் பிரெட்ரிக். "அப்போ கிழமை தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கான். அதுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, என்னமோ செய்யறான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் நீங்க எங்க இருப்பீங்க?"

"குளுவாங்ல. பூப்பந்து விளையாடுவேன். நாலு பேரு சாட்சி சொல்லுவாங்க. அதுல ரெண்டு பேரு என்கிட்டத் தோத்தவனுங்க, பொய் சொல்ல மாட்டானுங்க."

"கிழக்கே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பழைய லயம், தோட்டத்து ஆளுங்க இருந்த வீட்டு வரிசை. ஆளுங்கள எல்லாம் டவுனுக்கு அனுப்பிட்டு வீட்ட இடிச்சுட்டாங்க. ஒரு முனீஸ்வரர் கோயில் மட்டும் நிக்குது."

மணி ஒன்றேகால்.

பழைய லயத்துக்கு வழி சுலபமாக இல்லை. இரண்டு வாய்க்கால், ஒரு முள்வேலி, லோஷினியின் ஒரு செருப்பு. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. கடைசியில் கெட்டியான ஒற்றை அறை. சுவரில் வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாக அடித்திருந்தார்கள். உள்ளே மீசையோடு முனீஸ்வரர். எலுமிச்சம்பழம் காய்ந்திருந்தது.

பிரெட்ரிக் சாமியைப் பார்க்கவில்லை. வாசல் படிக்கு முன்னால் இருந்த தரையைப் பார்த்தார்.

அங்கே ஒரு குழி. மண்வெட்டி பட்ட குழி மாதிரி இல்லை. குண்டான் போல வழவழவென்று, ஓரமெல்லாம் மழுங்கி இருந்தது. சுற்றிலும் மாட்டுக் குளம்பு. குழியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு.

"இதுதான்," என்றார். குரல் வேகமானது. "மாட்டுக்கு இங்கதான் வச்சிருக்கான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து எதையோ கொட்டிட்டுப் போறான். மாடு மண்ணோட சேத்து நக்கியிருக்கு. பாரு, இந்தக் குழி பூரா நாக்கு!"

பொருக்கை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"உப்பு."

"ஆமா, உப்பு," என்றாள் லோஷினி.

"ஆமாவா?"

"கோயில் வாசல்ல உப்பு கொட்டுறது வேண்டுதல் பாஸ். உடம்புக்கு முடியலைன்னா, கஷ்டம்னா, கொட்டுவாங்க. எங்கம்மாகூடக் கொட்டியிருக்காங்க. உப்பு கரையற மாதிரி கஷ்டமும் கரையணும்னு."

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க? ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் போறவர் நீங்க. உப்பைப் பாத்துட்டுக் கொலைகாரனைக் கண்ட மாதிரி குதிச்சா நான் என்ன பண்றது?"

பிரெட்ரிக் குழியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். உப்பு விஷமில்லை. உப்பு மாட்டைக் கூப்பிட மட்டும் செய்யும். அப்படியென்றால் மாடு உப்போடு சேர்த்து எதை நக்கியது? குந்தி உட்கார்ந்து சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். மாடுகள் உரசி உரசி அங்கே சாயம் உரிந்திருந்தது. வெள்ளைப் பட்டைக்குக் கீழே கறுப்பாக எழுத்து தெரிந்தது. கார்ச் சாவியால் சுரண்டினார். ஆர். ஏ. சி. இன்னும் இரண்டு எழுத்து.

லோஷினி படித்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ராச்சுன்."

மலாய் வார்த்தை. விஷம் என்று அர்த்தம். எழுத்துக்கு மேலே ஒரு மண்டை ஓடும் பாதி தெரிந்தது. தோட்டத்து மருந்துக் கிடங்கைத்தான், லயம் போன பிறகு, யாரோ வெள்ளையடித்து முனீஸ்வரருக்குக் கொடுத்திருந்தார்கள். கெட்டியான கட்டடம், இடிக்க மனமில்லை.

டாக்டர் பிரவீனாவுக்கு அழைத்தார்.

"பொருந்துது சார்," என்றது அவளுடைய குரல். "கரையானுக்கு அந்த மருந்த அடிச்ச காலம் உண்டு. ட்ரம் ஒழுகியிருந்தா மண்ணு இன்னும் வச்சிருக்கும். ஒரு டப்பா மண்ணு எடுத்துட்டு வாங்க, சோதிச்சுடலாம். கையுறை போட்டுக்கங்க."

"நான் நாக்குல வச்சுட்டேன்."

"எவ்வளவு?"

"விரல் நுனி."

"துப்புங்க சார்."

அவர் துப்பினார். லோஷினி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "வாய வச்சுக் குடிக்காதீங்க. தூக்கி ஊத்துங்க."

"ஆனா எனக்கு ஆளும் வேணும் சார்," என்றாள் பிரவீனா. "யாரு உப்பு கொட்டுறாங்க, மறுபடி கொட்ட மாட்டாங்களா, அது உறுதியாத் தெரியணும். இல்லைன்னா நாளைக்கு வேற மாடு வந்து நக்கும். நாலு மணிக்குப் பாக்கலாம்."

மணி இரண்டே முக்கால். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

வாசலில் உப்புப் பொட்டலத் தாள் எதுவும் இல்லை. காலடி எல்லாவற்றையும் குளம்பு அழித்திருந்தது. பிரெட்ரிக் கோயிலைச் சுற்றி வந்து, மாடுகள் வரும் தடத்தில் பத்தடி நடந்து, நின்றார்.

"லோஷினி. இங்க பாரு."

தடத்தின் நடுவே, ரொட்டி அளவுக்கு ஒரு இடத்தில் புல் இல்லை. மண் வழவழவென்று இருந்தது. நான்கு அடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இங்கயும் நக்கியிருக்கு," என்றாள்.

"பை ஒழுகியிருக்கு. ஒவ்வொரு வாரமும் ஒரே தடத்துல நடந்திருக்காங்க. உப்பு சிந்திக்கிட்டே போயிருக்கு. மாடு அதை நக்கிக்கிட்டே பின்னாலயே வந்திருக்கு. அதான் படத்துல மூக்கு தரையில இருந்துச்சு. இந்தப் புள்ளிய அப்படியே பிடிச்சுப் பின்னால போனா ஆள் வீட்டு வாசல்ல நிக்கலாம்."

"மாடு போட்ட வரைபடம்," என்றாள் லோஷினி. "கூகுளே தோத்துடும்."

அவர்கள் புள்ளிகளை எண்ணிக்கொண்டே நடந்தார்கள். வாய்க்காலில் ஒரு பலகை போட்டிருந்தது. வரும்போது கண்ணில் படவில்லை. முள்வேலியில் ஒரு ஆள் நுழையும் சந்து. புள்ளிகள் ராஜசேகரனின் காட்டுக்குள் நுழைந்தன. லோஷினி பிரெட்ரிக்கைப் பார்த்தாள். ஆனால் அவை அவனுடைய வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காட்டைக் குறுக்காக வெட்டி மறுபக்கம் வெளியேறின. சாலைக்கும் போகவில்லை.

கடைசிப் புள்ளி ஒரு சின்னத் தகரக் கதவின் முன்னால் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மாடு கத்தியது.

லோஷினி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு முதல் தடவை.

"ஈரப்பை," என்றார் பிரெட்ரிக். "உப்பு காத்துல இருக்கிற தண்ணிய இழுக்கும். மழை வேண்டாம்."

மணி மூன்று நாற்பது. அங்கம்மா கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிரெட்ரிக் குழாயை மூடினார்.

"அக்கா, என்ன வேண்டுதல்?"

அங்கம்மா விளக்குமாற்றை விடவில்லை. "வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது தம்பி. சொன்னா பலிக்காது."

"சொல்லலைன்னா இருபது நிமிஷத்துல பன்னெண்டும் லாரி ஏறும்."

அங்கம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"போன வருஷம் நாலு கன்னுக்குட்டி செத்துப்போச்சு. ஒரே மாசத்துல. நாப்பத்தெட்டு வெள்ளிக்கிழமை, வாரம் மூணு கிலோ கல் உப்பு, என் மாட்டுக்கெல்லாம் ஒண்ணும் வரக்கூடாதுன்னு நேந்துக்கிட்டேன். அவன் காடுதான் குறுக்கு வழி. அவன் பூப்பந்தாடப் போற நேரம் பாத்துப் போவேன். நாப்பத்தாறு முடிஞ்சுது. இன்னும் ரெண்டுதான்."

பிரெட்ரிக் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கிடங்கு, சுவரிலிருந்த எழுத்து, நாக்கு தோண்டிய குழி. அங்கம்மா கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணில் நீர் வரவில்லை. தூணில் தொங்கிய வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவன் இல்லையா?"

"அவன் இல்ல."

"நான்தான்."

"நீங்கதான்."

லாரி சத்தம் கேட்டது.

டாக்டர் பிரவீனா முப்பது வயதுக்காரி. மண் டப்பாவை வாங்கிச் சீட்டு ஒட்டினாள். தகரக் கதவிலிருந்து புள்ளிகளை அவளே கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். ஓட்டுநரிடம் லாரியைத் திருப்பச் சொன்னாள்.

"ஒன்பதும் இங்கயே இருக்கட்டும். மண்ணுச் சோதனை சரியா வந்தா நீங்க பால் விக்கலாம். இந்த மூணையும் கொல்ல வேண்டியதில்ல ஆன்ட்டி. ஆனா தினமும் ரெண்டு வேளை கறக்கணும், கறந்ததைக் குழி தோண்டிக் கொட்டணும். கொழுப்புல இருக்கிறது பால் வழியாத்தான் வெளிய வரணும். எத்தனை மாசம் ஆகும்னு இப்பச் சொல்ல முடியாது."

"கறந்து கொட்டணுமா," என்றார் அங்கம்மா.

"ஆமா. முடிவு வந்து பத்து நாள் ஆச்சே, இந்த மூணோட பாலை இப்போ என்ன பண்றீங்க?"

"விக்கக் கூடாதுன்னாங்க. விக்கல. வீட்டுக்கு வச்சுக்கிட்டேன், டீக்கு. வீணாக்க முடியுமா?"

லோஷினி அடுப்படியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மூன்று டம்ளர் கழுவாமல் இருந்தன. மூன்றும் அவள் குடித்தது.

"ஆன்ட்டி... எந்த மாடு?"

"மயிலி. அதோட பால்தான் கெட்டியா இருக்கும்."

"மூணு டம்ளர்ல ஒண்ணும் ஆகாது," என்றாள் பிரவீனா. "நீங்க எவ்வளவு நாளா குடிக்கிறீங்க ஆன்ட்டி?"

"அது கறக்க ஆரம்பிச்சதுலேருந்து. எட்டு மாசம்."

பிரவீனா எழுதுவதை நிறுத்தினாள். "நாளைக்குக் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானும் வரேன். ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"நாளைக்கு முடியாதுமா. வெள்ளிக்கிழமை."

அங்கம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்று பொட்டலம் கல் உப்பு இருந்தது. நாளைக்கு என்று வாங்கி வைத்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

பிரெட்ரிக் பொட்டலங்களை வாங்கினார். பல்லால் கிழித்தார். பன்னிரண்டு மாடுகளுக்கு முன்னால் இருந்த தொட்டிகளில், கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிக் கல் வரை தூவிக்கொண்டே போனார்.

"தம்பி," என்றார் அங்கம்மா. "இன்னைக்கு வியாழக்கிழமை."

"மாட்டுக்குக் கிழமை தெரியாதுக்கா."

மயிலி முதலில் நாக்கை நீட்டியது. அங்கம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், விரலை மடக்கி எண்ணினார்.

"நாப்பத்தேழு."